நிமிடத்துக்கு நாலு பக்கம்: 'எ சூட்டபிள் பாய்' தொடர் எப்படி?

விக்ரம் சேத்தின் 'எ சூட்டபிள் பாய்' நாவலைப் படித்தவர்களிடம் அதன் டிவி தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார்கள். படிக்காதவர்களோ, நல்லாத்தானே இருந்தது, தபு என்னமா நடித்திருக்கிறார் என்பார்கள். ரெண்டு தரப்பு சொல்வதும் சரிதான், இந்தத் தொடரின் சிக்கலே அதுதான். நான் நாவலை முழுசாகப் படித்துவிட்டுப் பார்த்த ஆள், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, லதா கடைசியில் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாவல் வந்தது 1993-இல். சுமார் 1,350 பக்கம், 19 பாகம், படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கிற சைஸ். தொடர் 2020 ஜூலையில் பிபிசியில் ஆரம்பித்தது, அதே வருஷம் அக்டோபரில் நமக்கு நெட்பிளிக்ஸில் வந்தது. ஆறே எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பக்கம் ஓடியாக வேண்டும். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1995-இல் பிபிசிக்காக எழுதியவர் அவர்தான், அதுவும் ஆறு எபிசோட், ஆனால் அந்த நாவல் இதில் கால்வாசிகூட இருக்காது. டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலுக்கு 2005-இல் 15 எபிசோட் எழுதினார். ஆக, பெரிய நாவல் எவ்வளவு இடம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. இந்தியக் கதை என்பதால் சுருக்கிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவும் முடியாது, ஏனென்றால் டால்ஸ்டாயின் 'வார் அண்ட் பீஸ்' நாவலையே 2016-இல் ஆறு எபிசோடில் முடித்தவர் மனுஷன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சுதந்திரம் வந்து, நாடு பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. பிரம்மபூர் என்ற கற்பனை ஊர், பூர்வ பிரதேசம் என்ற கற்பனை மாநிலம், கங்கைக் கரை. கணவனை இழந்த ரூபா மெஹ்ரா தன் மூத்த மகள் சவிதாவுக்குக் கல்யாணம் முடித்த கையோடு இளையவள் லதாவுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பிக்கிறார். லதா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள். அவளுக்குக் கபீர் என்ற பையனைப் பிடித்துப்போகிறது, அவன் முஸ்லிம் என்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிகிறது. அம்மா காதுக்கு விஷயம் போனதும் லதாவைக் கல்கத்தாவுக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே அமித் என்ற கவிஞன் வருகிறான், கான்பூரில் ஹரேஷ் என்ற செருப்புக் கம்பெனிக்காரன் வருகிறான். மூன்று பேர், ஒரு பெண், ஒரு அம்மா. இது ஒரு தடம். இன்னொரு தடத்தில் சவிதாவின் கொழுந்தன் மான் கபூர், வருவாய்த் துறை மந்திரியின் உருப்படாத பிள்ளை, தன்னைவிட மூத்த பாடகி சயீதா பாயிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டு அலைகிறான். இந்த இரண்டுக்கும் பின்னால் ஜமீன் ஒழிப்புச் சட்டம், மசூதியை ஒட்டிக் கோயில் கட்டும் தகராறு, முதல் பொதுத்தேர்தல் எல்லாம் ஓடுகிறது.

இதில் எது நன்றாக வந்திருக்கிறது என்றால், கேள்வியே இல்லை, மானும் சயீதா பாயும்தான். தபுவை 'காதல் தேசம்', 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' காலத்திலிருந்து பார்த்துவருகிற நமக்கு அவர் அழகு என்பது செய்தி இல்லை. இங்கே அவர் செய்திருப்பது வேறு. சயீதா பாய் பாடிப் பிழைக்கிறவள். வருகிறவன் எவ்வளவு தருவான், எவ்வளவு நாள் வருவான், எப்போது தொல்லையாக மாறுவான் என்பதை எடைபோட்டே வாழ்க்கையை ஓட்டியவள். மான் எதிரில் உட்கார்ந்து அசட்டுத்தனமாகச் சிரிக்கும்போது தபுவின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிகிறது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ தப்பாகப் போய், இவளுக்கும் இந்தப் பையனைப் பிடித்துத் தொலைத்துவிட்டது என்பதும் தெரிகிறது. வசனமே இல்லாமல். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி, சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, வேலைக்காரியை ஏதோ காரணம் சொல்லிக் கூப்பிட்டு. இந்த ஒரு பாத்திரத்துக்காகவே ஆறு மணி நேரம் தரலாம் என்று தோன்றிய இடங்கள் உண்டு.

இஷான் கட்டரும் குறை வைக்கவில்லை. மான் மாதிரி ஒரு பாத்திரத்தைத் திரையில் கொண்டுவருவது சுலபமில்லை. வேலை வெட்டி இல்லை, அப்பா காசு, நினைத்த நேரத்துக்குக் கிளம்பிப் போய் ஒருத்தி வீட்டு வாசலில் நிற்பது. கொஞ்சம் பிசகினாலும் நாலு அறை விடலாமா என்று தோன்றிவிடும். இஷானிடம் இருக்கிற துறுதுறுப்பும் அந்தச் சின்னப்பிள்ளைத்தனமும் அவனை மன்னிக்க வைக்கின்றன. பின்னால் பொறாமையில் கண் மறைத்து, உயிர் நண்பன் ஃபிரோஸையே கத்தியால் குத்துகிற இடம் வரும்போது, அதே துறுதுறுப்பு எவ்வளவு ஆபத்தானது என்று புரிகிறது. அந்த மாற்றம் திடீரென்று வரவில்லை, அதற்கான விதை முதல் எபிசோடிலிருந்தே இருக்கிறது. பாட்டுகளையும் சொல்லியாக வேண்டும். சயீதா பாயின் கஜல்களுக்கு கவிதா சேத்தின் குரல். உருது தெரியாவிட்டாலும் சப்டைட்டிலைக் கவனிக்காமல் கேட்டுவிட்டு, அப்புறம் பின்னால் நகர்த்தி அர்த்தம் பார்க்கிற மாதிரி இருக்கின்றன.

சரி, இப்போது லதா.

தான்யா மாணிக்தலா லதாவாக நடித்ததில் எனக்குப் புகார் இல்லை. முகம் பொருத்தம், குரல் பொருத்தம், பெரிய கண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனிக்கிற பெண் என்று நம்ப முடிகிறது. புகார், லதாவுக்கு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை என்பதுதான். இந்த நாவலின் நடுமுதுகெலும்பு ஒரு விசித்திரமான முடிவு. நாடகத்தில் கூட நடித்தவன், படகில் கூட்டிப்போனவன், பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிற கபீரை விட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு கலர் ஷூவில் வந்து நிற்கிற ஹரேஷைக் கட்டிக்கொள்ள லதா சம்மதிக்கிறாள். அம்மா அடித்து மிரட்டி அல்ல, அவளாக. நாவலைப் படிக்கும்போதே பாதிப் பேருக்கு இது செரிக்காது. அவளுடைய தோழி மாலதிக்கே செரிக்கவில்லை. சேத் எப்படி நம்மைச் சம்மதிக்க வைக்கிறார் என்றால், பக்கம் பக்கமாக ஹரேஷின் வேலையைக் காட்டி. மனுஷன் தோலைத் தடவிப் பார்ப்பது, பதனிடும் தொட்டிகளின் நாற்றத்துக்குள் முகம் சுளிக்காமல் நடப்பது, மேல்சாதிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத சேரியில் போய் ஜோடி ஷூ தைத்துத் தரும் ஜகத் ராமிடம் மரியாதையாக ஆர்டர் கொடுப்பது, பிராஹா ஷூ கம்பெனியில் வேலைக்கு நின்றபோது தன் கையாலேயே ஒரு ஜோடி ஷூவை முழுசாகச் செய்து காட்டுவது. கத்ரி என்ற மேல்சாதிப் பையன், வெளிநாட்டில் படித்தவன், ஆனால் தோலைத் தொடுகிறான். 1951-இல் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாவல் சொல்லாமல் சொல்லும். அதோடு அவன் எழுதுகிற கடிதங்கள். அலங்காரம் இல்லாத, கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிக்கிற, தப்பும் தவறுமாகப் பாசம் காட்டுகிற கடிதங்கள். முதல் கடிதத்தில் சிரிப்பு வரும், இரண்டாவதில் எரிச்சல் வரும், போகப்போக அடுத்த கடிதம் எங்கே என்று நாமே தேட ஆரம்பிப்போம். லதாவுக்கு நடப்பதும் அதுதான். பிடிக்காத ஒருவன் மெல்ல மெல்ல, நாளாக ஆக, தாங்கக்கூடியவனாகி, நம்பக்கூடியவனாகி, பிறகு வேண்டியவனாகிறான். இதைக் காட்டுவதற்குத்தான் அத்தனை பக்கம். நீளம் இந்த நாவலுக்கு ஆடம்பரம் இல்லை.

தொடரில் இதற்கு அவகாசமே இல்லை. நமித் தாஸ் ஹரேஷாக அருமையாகச் செய்திருக்கிறார், அந்த விறைப்பான தன்மானமும் உள்ளே இருக்கிற நல்ல மனசும் வந்தவுடனேயே தெரிகிறது. கோளாறே அங்கேதான். வந்தவுடனேயே தெரிந்துவிட்டால் லதா கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஷூவைக் காட்டுகிறார்கள், வெற்றிலையைக் காட்டுகிறார்கள், கொஞ்சம் தொழிற்சாலையைக் காட்டுகிறார்கள், பிறகு ஒரு சின்னக் கோபம், பிறகு சமாதானம், பிறகு முடிவு. பார்க்கிறவருக்கு, கபீரைக் கட்டிக்கொள்ள தைரியம் இல்லாமல் அம்மா சொன்ன பையனுக்குத் தலையாட்டிவிட்டாள் என்றுதான் தோன்றும். என்னோடு உட்கார்ந்து பார்த்த அக்கா மகள், "இதுக்கா மாமா இவ்வளவு நேரம் பார்த்தோம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இந்தத் தொடரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பில்லை.

கபீருக்கும் இதே கதிதான். தானேஷ் ரஸ்வி பார்க்க லட்சணமாக இருக்கிறார், கோபப்படுகிறார், போய்விடுகிறார். கவிஞன் அமித்தை இன்னும் மோசமாக ஓரம் கட்டிவிட்டார்கள். நாவலில் அமித்தும் அவன் தங்கைகளும் நொடிக்கொரு தரம் எதுகை மோனையோடு ஈரடி கட்டிக் கிண்டலடித்துக்கொண்டே இருப்பார்கள், அந்த வீடே ஒரு பைத்தியக்கார வீடு. கல்கத்தா மேல்தட்டு வாழ்க்கையைச் சேத் கிழித்துத் தொங்கவிடுகிற பகுதிகள் அவை. தொடரில் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

அதே கல்கத்தாவில் ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும், மீனாட்சி. லதாவின் அண்ணன் பெண்டாட்டி. மாமனார் வாங்கிய தங்கப் பதக்கத்தை உருக்கிக் காதுக்குத் தோடு செய்துகொள்கிற மருமகள். செத்துப்போன கணவனின் நினைவாக அந்தப் பதக்கத்தைப் பொத்தி வைத்திருந்த மாமியாருக்கு அது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஷஹானா கோஸ்வாமி இந்த மீனாட்சியைக் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், ஜாலியாகச் செய்கிறார். கெட்டவள் என்று முத்திரை குத்தாமல், இவளோடு ஒரு மாலை இருந்தால் நேரம் போவது தெரியாது என்று நினைக்க வைப்பது சாமர்த்தியம். ரூபா மெஹ்ராவாக வருகிற மஹிரா கக்கர்தான் எனக்கு ஒட்டவில்லை. எந்நேரமும் கண்ணைக் கசக்குவது, படபடப்பது என்று ஒரு நகைச்சுவை அம்மா ஆகிவிட்டார். நாவலில் அந்த அம்மா சிரிப்புக்கு ஆளாகிறவர்தான், ஆனால் கையில் காசில்லாமல், பிள்ளைகள் வீட்டுக்கு மாறி மாறிப் போய்த் தங்கி, தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் படாதபாடு படுகிற ஒரு விதவையும்கூட. அந்தப் பாதி காணோம்.

அரசியல் பக்கம் வருகிறேன், நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது, அதனால் வயிற்றெரிச்சலும் அதிகம். வருவாய்த் துறை மந்திரி மகேஷ் கபூர் கொண்டுவருகிற ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் முதலில் அடிபடப்போவது அவருடைய நெருங்கிய நண்பர் பைதர் நவாப். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தவர்கள், ஆனால் ஒருவர் கையெழுத்து இன்னொருவர் சொத்தை முடிக்கப்போகிறது. நிஜ வரலாற்றிலும் உத்தரப் பிரதேசத்தில் அப்படி ஒரு சட்டம் 1951-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தச் சட்டங்களை நீதிமன்றங்களிலிருந்து காப்பாற்றத்தான் அதே வருஷம் அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தமும் ஒன்பதாவது அட்டவணையும் வந்தன. சட்டசபை விவாதம், கோர்ட் வாதம் எல்லாவற்றையும் சேத் துப்பறியும் கதை மாதிரி எழுதியிருப்பார். தொடரில் ராம் கபூர் மேஜையைத் தட்டிப் பேசுகிறார், ஆமிர் பஷீர் நவாபாக ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் வலியைக் காட்டுகிறார். ரெண்டு பேரும் நல்ல நடிகர்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, யாருக்கு என்ன போகிறது என்பது புரியாமல் பார்ப்பவர்களுக்கு, யாரோ ரெண்டு பெரிய மனுஷர்கள் எதற்கோ வருத்தப்படுகிறார்கள் என்று மட்டும்தான் தெரியும்.

இன்னும் கீழே இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். மான் கிராமத்துக்குப் போகிறான், உருது வாத்தியார் ரஷீதின் ஊருக்கு. அங்கே கச்சேரு என்று ஒரு தலித் விவசாயி, ரஷீத் குடும்பத்து நிலத்தில் காலம் காலமாக உழுதுவருகிறவர். புதுச் சட்டப்படி தொடர்ந்து உழுததாகப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நிலத்தில் உரிமை வரும். ரஷீத் நல்ல எண்ணத்தில் பட்வாரியிடம், அதாவது நம் ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போய், கச்சேருவின் பெயரைப் பதிவுசெய்யச் சொல்கிறான். விஷயம் வீட்டுக்குத் தெரிகிறது, குடும்பமே அவனைத் தள்ளிவைக்கிறது, கச்சேருவை நிலத்தைவிட்டே விரட்டிவிடுகிறார்கள். நல்லது செய்யப் போய் அந்த ஆளின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான். சட்டம் பேப்பரில் வருவதற்கும் வயலில் வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன ஒரு பகுதியை நான் படித்ததில்லை. தொடரில் விஜய் வர்மா ரஷீதாக வருகிறார், அவர் முகத்தில் அந்தத் தவிப்பு இருக்கிறது, ஆனால் காட்சிகள் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கிராமம் என்பது மான் போய் மனம் மாறி வருகிற ஒரு இடமாகச் சுருங்கிவிட்டது.

தேர்தலுக்கும் இதே வேகம்தான். 1951 கடைசியில் ஆரம்பித்து 1952 பிப்ரவரி வரை நடந்த அந்த முதல் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம், படிக்கத் தெரியாத ஜனங்கள் சீட்டைக் கொண்டுபோய் தங்களுக்குப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். மதராஸ் மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் ராஜாஜியைக் கூப்பிட்டு முதலமைச்சராக்கியதும் இந்தத் தேர்தலுக்குப் பிறகுதான். நம் தாத்தா பாட்டி முதல் தடவை ஓட்டுப் போட்ட தேர்தல் என்று சொன்னால் அதன் கனம் புரியும். கதையில் மகேஷ் கபூர் நவாபின் ஜமீன் இருக்கிற தொகுதியிலேயே நிற்கிறார், மகன் மான், நவாபின் மகன் ஃபிரோஸைக் குத்திவிட்ட செய்தி ஓட்டுப்பதிவு நேரத்தில் பரவுகிறது. குடும்பமும் நாடும் ஒரே முடிச்சில் சிக்குகிற இடம். ரன்வீர் ஷோரே நவாபின் வேலையாள் வாரிஸாக வந்து அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துகிறார் என்பதால் முழுக்கப் பாழாகவில்லை என்று சொல்லலாம்.

ஆங்கில வசனத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் திட்டிவிட்டார்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஆங்கில நாவல், ஆங்கிலச் சேனல், ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அதில் தத்துவச் சண்டை போட ஒன்றுமில்லை. லதாவின் அண்ணன் அருண் மெஹ்ரா மாதிரி வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள் அப்படித்தான் பேசுவான். உறுத்துவது வேறு இடத்தில். அடுக்களையில், படுக்கையறையில், கோபத்தில், துக்கத்தில் ஒரே மாதிரி நறுக்குத் தெறித்த ஆங்கிலம். திட்டும்போதுகூட இலக்கணம் தவறவில்லை. ஆனால் சயீதா பாயும் மானும் உருதுக்கு மாறிய உடனே, கிராமத்து ஆட்கள் வாயைத் திறந்த உடனே, நடிகர்களின் தோள் இறங்குகிறது, கை தானாக அசைகிறது, வேகம் மாறுகிறது. அதே நடிகர், அடுத்தடுத்த காட்சி. இந்த வித்தியாசத்தை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு ஆங்கிலக் காட்சியிலும் அது கண்ணில் படும். தொடரின் நல்ல பாதி மான் பக்கமாகவே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பார்க்க எப்படி இருக்கிறது என்றால், கண்ணுக்குக் குளிர்ச்சி. இயக்குநர் மீரா நாயருக்குக் கல்யாண வீடு எடுக்கச் சொல்லித்தர வேண்டாம், 'மான்சூன் வெட்டிங்' எடுத்தவர். முதல் எபிசோடின் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஐந்து நிமிடத்தில் கூட்டத்துக்குள்ளேயே சொல்லி முடிப்பது லேசான வேலை இல்லை. லக்னோவிலும் மகேஷ்வரிலும் படம்பிடித்திருக்கிறார்கள், கதையில் கங்கை என்பது திரையில் நர்மதைப் படித்துறை. அந்தப் படித்துறை அழகு வேறு ரகம், அதை யாரும் மறுக்க முடியாது. (கபீரும் லதாவும் முத்தமிடும் காட்சிக்குப் பின்னால் கோயில் தெரிகிறது என்று 2020 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தில் வழக்குப் போட்டார்கள். தொடரைப் பார்க்காதவர்களுக்கும் இந்தச் செய்தி மட்டும் ஞாபகம் இருக்கிறது.) ஒரே குறை, எல்லாம் கொஞ்சம் ரொம்பப் புதுசாக இருக்கிறது. சலவைக்குப் போய் வந்த புடவை, நேற்று அடித்த சுண்ணாம்பு, தூசி படியாத கார். தோல் தொழிற்சாலைகூடச் சுத்தமாக இருந்தால் ஹரேஷ் எதைத் தாண்டி வருகிறான் என்று எப்படித் தெரியும்?

நீளத்தைப் பற்றி இவ்வளவு புலம்புவது ஏன் என்று கேட்கலாம். கோவிந்த் நிஹலானி 1988-இல் தூர்தர்ஷனுக்காக 'தமஸ்' எடுத்தார், பீஷ்ம சாஹ்னியின் நாவல், இதில் சின்னப் பங்குதான் இருக்கும். அதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டார். பணம் பார்த்தால் பிபிசிக்குப் பக்கத்தில் நிற்காது, ஆனால் ஒவ்வொரு ஆளும் எங்கிருந்து வந்து எங்கே போகிறான் என்பது மனசில் நிற்கும். பிரிட்டிஷ்காரர்களே 1984-இல் பால் ஸ்காட்டின் நாலு நாவல்களை 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்று 14 எபிசோடாக எடுத்தார்கள். அது வெள்ளைக்காரர்கள் கிளம்பிப்போன கதை, இது அவர்கள் போனபிறகு இங்கே இருந்தவர்களின் கதை. முன்னதற்கு 14, பின்னதற்கு 6. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் இஷ்டம், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வன்' ரெண்டு படமாகச் சுருங்கியபோது யார் விட்டுப்போனார்கள், எந்தக் காட்சி விட்டுப்போனது என்று மாதக்கணக்கில் பேசிய நமக்கு இந்த எரிச்சல் புதுசில்லை. ஆனால் அங்கே கதை முன்பே எல்லோருக்கும் தெரியும், விட்டதை மனசுக்குள் நிரப்பிக்கொண்டோம். இங்கே அப்படி நிரப்பிக்கொள்ள நாவலைப் படித்திருக்க வேண்டும்.

அப்படியானால் பார்க்கலாமா? பார்க்கலாம். நாவலைப் படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் தொடரைப் பாருங்கள், தலைகீழாகச் சொல்வதாகத் தோன்றும், ஆனால் நாலு குடும்பம், அவர்களுடைய பிள்ளைகள், மருமகன்கள், நண்பர்கள் என்று பெயர்கள் குழம்புகிற நாவலுக்கு முகங்கள் முன்கூட்டியே கிடைத்துவிடுவது நல்ல உதவி, அதோடு ஏமாற்றமும் மிச்சம். படித்தவர்கள் லதாவை மறந்துவிட்டு மான் கதையாகப் பாருங்கள். ஒரே மூச்சில் ஆறையும் முடிக்க உட்காராதீர்கள், ஓட்டம் ஏற்கெனவே அதிகம், விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த ஓட்டம் அவ்வளவாகத் தெரியாது. குடும்பத்தோடு பார்ப்பவர்கள், சில நெருக்கமான காட்சிகள் இருக்கின்றன என்பதை மனசில் வைத்துக்கொண்டு ரிமோட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது நல்லது. தபு பாட ஆரம்பித்ததும் பெரியவர்களே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பிப்பார்கள், அங்கே அடுத்தது என்ன காட்சி என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.